நைனாவின் முகத்தைத் தின்ற மாத்திரை

1

போன வாரம் என் மகள் ஜனனியின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். நன்றாகப் படிக்கிற பெண், வம்புதும்பு எதுவும் இல்லாதவள். என்னவோ ஏதோ என்று வார்டில் சொல்லிவிட்டு, நர்ஸ் உடுப்போடு ஓடினேன்.

டீச்சர் ஒரு படத்தை மேஜைமேல் வைத்தார். 'என் குடும்பம்' என்று வரையச் சொன்னார்களாம். நான், என் கணவர், ஜனனி, எல்லோருக்கும் சிரித்த வாய். ஓரத்தில் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் மட்டும் இல்லை. கீழே 'தாத்தா' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்.

"இந்தத் தாத்தா குழந்தையிடம் எப்போதாவது கடுமையாக நடந்துகொண்டாரா?" என்று டீச்சர் தணிந்த குரலில் கேட்டார். பக்கத்தில் இன்னொரு அம்மாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவராம். இங்கிலாந்தில் இப்படி ஒரு நடைமுறை உண்டு. நல்ல நடைமுறைதான். ஆனால் கேள்வி என் அப்பாவை, என் நைனாவைப் பற்றி என்றதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கோபம் வந்தால் என் ஆங்கிலம் முதலில் கையை விரித்துவிடும். "அவர் முகத்தை மூடிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன்.

பேனா நின்றது. "யார் மூடினார்கள்?"

உடம்பு சரியில்லாதவர், இப்போது தேறிவிட்டார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஜனனியிடம் தமிழில் கேட்டேன். அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "அவர் என்னைப் பார்த்து ஒருதடவைகூடச் சிரிக்கலையே, அம்மா. அவருக்கு என்னைப் பிடிக்காது." அவள் தாத்தாவை நேரில் பார்த்தது ஒரே முறை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளுக்குத் தெரிந்த தாத்தா அந்த மனிதர்தான்.

யார் மூடினார்கள் என்ற கேள்விக்கு அந்த அறையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

2

என் நைனா பெயர் ஏகாம்பரம். திருத்தணி மலைமேல் முடிகாணிக்கை மண்டபத்தில் மொட்டை அடிக்கிறவர். அவருடைய நைனாவுக்கும் அதே வேலை.

குழந்தைகளுக்கு முதல் மொட்டை போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தாய்மாமன் மடியில் குழந்தை கத்தும், கையைக் காலை உதறும். நைனா உடனே கத்தியை எடுக்க மாட்டார். முதலில் முகத்தைக் காட்டுவார். கண்ணை உருட்டி, மூக்கைச் சுருக்கி, கன்னத்தை உப்பவைத்து, வாயை ஒருபக்கம் கோணி. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு 'யார்ரா இவன்' என்று பார்க்கும். அந்தப் பார்வை நிற்கிற நேரத்துக்குள் பாதித் தலை முடிந்துவிடும். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கு, மெட்ராஸ்காரர்களிடம் அவர்கள் பேச்சு. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட "ஏகாம்பரம் இன்னாப்பா, கீறாரா?" என்று கேட்டுக்கொண்டு வந்து காத்திருக்கிற குடும்பங்கள் உண்டு.

வீட்டிலும் அப்படித்தான். அம்மா கோபித்துக்கொண்டால் ஒரு முகம். அண்ணன் தாமு பரீட்சையில் கோட்டை விட்டால் ஒரு முகம். நான் நர்ஸ் படிப்புக்குச் சென்னைக்குக் கிளம்பியபோது பேருந்து ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் காட்டிய முகத்தைப் பார்த்து, அழ வேண்டிய நான் சிரித்துவிட்டேன். குடிக்க மாட்டார். பீடிகூடக் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்துத் தெரியும்.

3

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. படுக்கையில் திரும்பினால் வீடே சுற்றுகிறது என்றார். ஊரில் பேர்போன டாக்டர் ஒருவரிடம் அம்மா அழைத்துப்போனாள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டையிலிருந்தெல்லாம் பேருந்து பிடித்து அவரிடம் வருவார்கள். அவர் ஒரு சின்ன மாத்திரை எழுதித் தந்தார். தலைசுற்றல் நின்றுவிட்டது.

மாத்திரை நிற்கவில்லை.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தீர்ந்தால் மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டுவார், புது அட்டை தருவார்கள். சீட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருந்தாள். காலையில் காபியோடு ஒன்று, ராத்திரி சாப்பாட்டோடு ஒன்று. வருஷக்கணக்காக.

நான் கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்த சமயத்தில் அவர் நடை மெதுவாகியிருந்தது. வயசாகிறது என்று நினைத்தோம். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு முகம் போயிற்று. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தோல் இருந்தது, கண் இருந்தது. முகம் இல்லை.

மண்டபத்தில் குழந்தைகள் அவரைப் பார்த்து வீறிட்டன. கூட வேலை செய்கிறவர்கள், "காலையிலயே தண்ணி போட்டுகினு வர்றான்யா" என்று பேசத் தொடங்கினார்கள். ஒருநாள் கத்தி நழுவி ஒரு குழந்தையின் தலையில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். குழந்தையின் தகப்பன் எழுந்து எல்லோர் முன்னாலும் நைனாவைக் கன்னத்தில் அறைந்தான். நைனா அப்படியே நின்றிருக்கிறார். முகத்தில் வலி இல்லை, வெட்கம் இல்லை, மன்னிப்பு இல்லை. "திமிரப் பாரு இவனுக்கு" என்று இன்னொரு அறை விழுந்தது. அன்றோடு மண்டபத்தில் அவருடைய இடம் போயிற்று. இதை அம்மா போனில் சொல்லிக்கொண்டே அழுதாள். பின்னால் நைனா இருமுவது கேட்டது.

மறுபடியும் அதே டாக்டர். "நடுக்குவாதம்" என்றார். அதற்கென்று இன்னொரு மாத்திரை எழுதினார். பழையதை என்ன செய்வது என்று அம்மா கேட்டாளாம். "அது பாட்டுக்குப் போட்டுகினு இருக்கட்டும்" என்றாராம்.

ஒரு மாத்திரை செய்த வேலையைச் சரிசெய்ய இன்னொரு மாத்திரை. முதல் மாத்திரை விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

4

அம்மா திடீரென்று போனாள். காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு.

என் பாஸ்போர்ட் அப்போது என் கையில் இல்லை. விசா நீட்டிப்புக்காக அனுப்பியிருந்தேன். விசா அலுவலகத்துக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்து, இறப்புச் சான்றிதழை அனுப்பினால் அவசரமாகப் பரிசீலிப்போம் என்றாள். அம்மா இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்? "என் அம்மா பிணமாகக் கிடக்கிறாள்" என்றேன். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்றாள். ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்தை ஒரு துளி வருத்தமும் இல்லாமல் சொல்ல முடியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

நடந்ததை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் ஆவடியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அம்மா பிள்ளை.

"நைனா அழுவல, அமுதா," என்றான். "சேர்ல குந்திகினு இருந்தாரு. பாடையத் தூக்கறப்பக்கூட எழுந்துக்கல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இட்லி குடுத்தாங்க, துன்னாரு. ஊரே பாத்துது."

"அவருக்கு உடம்பு சரியில்ல, அண்ணா."

"கைதான நடுங்குது? கண்ணுல இன்னா வியாதி? முப்பது வருஷம் சோறு போட்டவ செத்துக் கெடக்கிறா. நாய்கூட ஊளை உடும்."

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல்நெஞ்சன் என்றார்கள். எப்போது தொலைவாள் என்று காத்திருந்தான் என்றார்கள். வேறு தொடுப்பு இருக்கும் என்றுகூட ஒருத்தி சொன்னாள். காரியம் முடிந்த அன்று அண்ணன் நைனாவின் எதிரில் நின்று, "இனிமே நீ எனக்கு நைனா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பிவிட்டான். அதற்கும் நைனாவின் முகத்தில் ஒன்றும் வரவில்லையாம்.

பாஸ்போர்ட் திரும்பி வந்த பிறகு ஜனனியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் பார்த்த தாத்தா அவர்தான். அவளாகவே போய் அவர் முழங்காலைத் தொட்டு நின்றாள். அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் ஓடி வந்துவிட்டாள்.

5

ஊரிலிருந்து திரும்பியதும் என்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நடுக்குவாதக்காரர்கள் அதிகம் வருகிற வார்டு. வந்த புதிதில் ஒரு அம்மாள் கட்டிலருகில் நின்று, "சிஸ்டர், அவர் ஆஃப் ஆகிவிட்டார்" என்றார். நம் ஊரில் ஆஃப் ஆகிவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? உயிர்காக்கும் கருவிகள் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் கணவர் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தின் வேகம் குறைந்து உடல் உறைந்துபோகும் நேரத்துக்கு இங்கே 'ஆஃப்' என்று பெயராம். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் இருந்தது என் நைனாவின் முகம்.

கொஞ்ச நாளில் புதிதாக ஒரு பெண்மணி சேர்ந்தார். நடுக்கம், விறைப்பு, அசையாத முகம். பெரிய டாக்டர் வந்தார். கையைப் பிடித்துப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? வாந்திக்கு, தலைசுற்றலுக்கு, தூக்கத்துக்கு, எதையும் விடாமல் சொல்லுங்கள்" என்றார்.

திருத்தணியில் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி.

பிறகு அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இருக்கிற உயிரணுக்கள் டோபமின் என்கிற ரசாயனத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகை 'கிளம்பு' என்று சொல்லும். இன்னொரு வகை 'நில்' என்று சொல்லும். டோபமின் வந்தால் கிளப்புகிறவை சுறுசுறுப்பாகும், நிறுத்துகிறவை அடங்கும். அப்போதுதான் கை நீளும், கால் எட்டு வைக்கும். நைனா விழுங்கியது போன்ற மாத்திரைகள் அந்த 'நில்' அணுக்களின் காதை அடைத்துவிடுகின்றன. டோபமின் இருக்கிறது, ஆனால் அவற்றுக்குக் கேட்பதில்லை. ஆகவே 'நில், நில்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நடுக்குவாதத்தில் டோபமினே வற்றிப்போகிறது. இதில் அது இருந்தும் இல்லாத கதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "அந்த அணுக்கள் கைகால்களுக்கு மட்டும் வேலை செய்வதில்லை," என்றார். அங்கிருந்து கிளம்பும் சேதி சுற்றிச் சுற்றி மூளையின் முன்பக்கம்வரை போகிறது. வேண்டும் என்று தோன்றுகிற இடம், ஒன்றைத் தொடங்கலாம் என்று எழுகிற இடம், சந்தோஷமும் துக்கமும் கிளம்புகிற இடம் என்று பல இடங்களை அது தொடுகிறது. ஆழத்தில் ஒரு மூலையில் பிரேக் விழுந்தால் மொத்த ஊருக்கும் போக்குவரத்து நின்றுபோகும்.

அப்போது எனக்குள் வந்த கோபத்தை இன்றுவரை இறக்கிவைக்கவில்லை. கன்னத்தில் விழுந்த அறைகள், நாற்காலி, இட்லி, அண்ணன் சொன்ன வார்த்தை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். "நைனா, இன்னா மாத்திர சாப்புடுற?"

ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "நடுக்கத்துக்கு ஒண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." பிறகு, "தலசுத்தலுக்கு ஒண்ணு. அது எப்பவும் போடுறதாச்சே," என்றார்.

6

லீவு வாங்கி, அவரைச் சென்னையில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் அழைத்துப்போனேன். அவரும் மாத்திரையிலிருந்துதான் ஆரம்பித்தார். அட்டையைக் கையில் வாங்கி, "எவ்ளோ வருஷமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டார். சில நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து, அதை அளவோடு கொடுத்தால் நல்ல மருந்துதான் என்றார். தானாக நிறுத்தக் கூடாது என்று அவரே படிப்படியாகக் குறைத்தார். சிலருக்கு முழுதாகத் திரும்பாது, பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

மாசங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜம்மா அத்தை போன் செய்தாள். நைனாவின் அக்கா. அம்மா போன பிறகு அவருக்குச் சோறு போட்டது அவள்தான். போனில் மூச்சு வாங்கியது.

"ஏ அமுதா! உங்க நைனா இன்னிக்கி என்னத் திட்டிட்டாம்மா!"

"எதுக்கு அத்தே?"

"கொழம்பு வாயில வெக்க முடியலயாம். ரெண்டு வருஷமா எதப் போட்டாலும் துன்னுகினு இருந்தவன்மா. தட்டத் தள்ளி உட்டுட்டு, இது கொழம்பான்னு கேக்கறாம்மா!" சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

நடை திரும்பியது. விறைப்பு இளகியது. இடது கையில் மட்டும் லேசான நடுக்கம் தங்கிவிட்டது. இன்னும் இருக்கிறது. பிறகு அத்தை வேறொரு குரலில் போன் செய்தாள்.

"ஒக்காந்துகினு அழுவுறாம்மா. சரோஜா சரோஜான்னு உங்கம்மா பேரச் சொல்லி. அவ செத்துப் போனது தெரியாம இல்ல. இப்பத்தான் அழுவுறான். எப்பிடி வுழுந்தா, யாரு மொதல்ல பாத்தது, தண்ணி கேட்டாளான்னு என்னையே கேட்டுகினு கீறான். தெருவுல சிரிக்கிறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி சாவு வூடு வெச்சிருக்கான்னு."

அம்மாவின் தெவசத்துக்கு நான் கிளம்பினேன். ஜனனிக்குப் பள்ளியில் லீவு தர மறுத்துவிட்டார்கள். வந்திருந்தால் புதுத் தாத்தாவைப் பார்த்திருப்பாள்.

ஊருக்குப் போனதும் முதலில் மண்டபத்துப் பொறுப்பாளரைப் பார்த்தேன். நடந்தது குடி இல்லை, மருந்து என்று சென்னை டாக்டரின் சீட்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேற ஆள் போட்டாச்சும்மா. அவருக்கும் வயசாயிடுச்சி," என்றார். அறைந்ததைப் பற்றிக் கேட்டேன். "அது இன்னா இப்பவா நடந்துச்சி?" என்றார்.

அடுத்து மாத்திரை எழுதிய அந்தத் திருத்தணி டாக்டர். கிளினிக்கில் நிற்க இடமில்லை. என் முறை வந்ததும் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தவில்லை என்று நினைத்தேன். வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது என்று பிறகு அத்தை சொன்னாள்.

அவர் முழுதும் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, தலசுத்தல் நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சி."

"அதுக்குத்தான வந்தாரு?"

அந்த மனுஷர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நல்ல பேரோடு, கைராசியோடு, வெளியே பெஞ்சு நிறைய ஆட்களோடு, ஒரு கேள்வி கேட்கச் சோம்பல்பட்டவர். அந்தச் சோம்பலில் என் நைனாவின் முகம் போயிற்று, வேலை போயிற்று, மகன் போனான், பெண்டாட்டிக்கு அழ வேண்டிய நேரத்தில் அழுகையும் போயிற்று. பெல்லை அழுத்தி அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

7

அண்ணனை வரச் சொல்லி நான்தான் போனில் மன்றாடினேன். "மாத்திர மேல பழி போடாத அமுதா. மாத்திர சாப்பிட்டா பாசம் பூடுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த மருத்துவமெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. அம்மாவுக்காக வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

தெவசத்தன்று காலையில் வந்தான். நைனாவைப் பார்க்காமல் நேராக அம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். அத்தை படையல் போட்டாள். அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வெற்றிலை. கற்பூரத்தை நைனா ஏற்றினார். தீபம் காட்டியவர் படத்துக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். உதடு துடித்தது. முகம் மெதுவாகக் கோணியது. பிறகு வாய் விட்டு அழுதார். தட்டை அத்தை வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"அன்னிக்கி எங்க பூட்ச்சி இது? பொணத்த நடுவுல போட்டுகினு ஊரே அழுதுது. இப்ப யாருக்குக் காட்ற?"

நான் அவன்மேல் பாய்ந்தேன். "வாய மூடுண்ணா! எத்தினி தடவ சொல்றது உனக்கு?" என்று கத்தினேன். நைனா என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் பேசினார்.

"அவன் கேக்கட்டும்மா. தாமு, நான் அடக்கிகினு இருந்தன்னு நெனக்கிறியாடா? அடக்கல. வரலடா. உங்கம்மாவ நடுவூட்ல படுக்க வெச்சிருந்தாங்க. பாத்துகினுதான் இருந்தேன். செத்துட்டான்னு தெரியுது. அழுவணும்னு தெரியுது. அழுவணும்னு தோணல. எழுந்து கிட்டப் போவணும்னு தோணல. இட்லி குடுத்தாங்க, வேணாம்னு சொல்லணும்னுகூடத் தோணலடா. உள்ள ஒண்ணுமே இல்ல. அத நெனச்சி பயப்படணும் இல்ல? அதுவும் இல்ல."

கற்பூரம் அணைந்துவிட்டிருந்தது.

"இப்ப?" என்றான் அண்ணன்.

"இப்ப நேத்து செத்தா மாதிரி கீதுடா. காலைல எழுந்தா தண்ணி புடிக்கப் போயிருக்கான்னு நெனக்கிறேன்."

அண்ணன் சுவரில் சாய்ந்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். தோள் குலுங்கியது. நைனா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுங்குகிற இடது கையை அவன் தலைமேல் வைத்தார்.

"நான் உன்ன இன்னா இன்னாவோ பேசிட்டேன், நைனா."

"நீ கோவப்பட்டது நாயந்தான்டா," என்றார் நைனா. "ஊரு திட்டறப்போ, நானே என்மேல கோவப்படணும்னு நெனச்சிப் பாத்தேன். அதுவும் வரல."

எனக்கு வருகிறது. அவருக்கு வராமல் போன அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வருகிறது. மன்னித்துவிட்டுப் போ என்று இங்கேயும் அங்கேயும் சொல்கிறார்கள். மாட்டேன்.